முந்தானைக்குள் மறைத்த கை

அன்புள்ள அக்காவுக்கு,

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்தான் எனக்கும். பெயர் போட வேண்டாம். வயது 43. வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். தை மாதம் இரண்டு கையிலும் விரல் முட்டிகள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது. பல் விளக்கி, காப்பி போட்டு முடிக்கவே ஒன்பது மணி ஆகிவிடும். முதலில் பார்த்த டாக்டர் சிக்குன்குனியா வந்து போன வலியாக இருக்கும் என்றார். அப்புறம் யூரிக் ஆசிட் என்றார்கள். ஐந்து மாதம் கழித்து மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ‘ஆர்.ஏ., முடக்குவாதம், ஆட்டோ இம்யூன் நோய்’ என்றார்கள்.

வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட், கூடவே ஃபோலிக் ஆசிட், ஹைட்ராக்சி குளோரோகுயின், கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் சாப்பிட்டேன். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கொழுந்தனார் மகன் செல்போனில் பார்த்துவிட்டு, ‘இது கேன்சர் மாத்திரை பெரியாத்தா’ என்றான். பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை, திட்டுவாரோ என்று. போன வருஷம் தீட்டு வந்ததால் பிள்ளையார் நோன்புக்கு, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிற அந்த இழையை எடுத்துக்கொள்ளவில்லை, அந்தக் குறைதான் இது என்கிறார் மாமியார். அதுவும் மனதை அரிக்கிறது.

மகளுக்கு 23 வயது. வரன் பார்க்கிறோம். தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய், வீங்கிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே நின்றேன். தாய்க்கு இந்த நோய் என்றால் பெண்ணுக்கும் வரும் என்று ஒதுக்கிவிடுவார்களே! அவள் கல்யாணம் முடியும்வரை யாருக்கும் சொல்லாமல் சமாளித்துவிடலாமா? தீபாவளி ஆர்டர் எடுக்கலாமா? ஆயுசு முழுக்க மாத்திரைதானா? நீங்கள் பல வருடமாக இதே நோயோடு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு வாசகி

—

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, டாக்டருக்கு உடனே போன் செய்யச் சொல்லித் தனியாக எழுதியிருந்தேன். செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்காக அதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிட்டு வரும்போது உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். அதனால் அதைப் படிப்படியாகத்தான் நிறுத்துவார்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், சோர்வு, வாந்தி என்று ஆளைத் தள்ளிவிடலாம். நீங்கள் சாப்பிட்டது சில வாரம்தான் என்றாலும் அவருக்குத் தெரிய வேண்டும். நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம், விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். “பயந்து நிறுத்திவிட்டேன் டாக்டர்” என்று சொல்லுங்கள். அவர்கள் தினமும் கேட்கிற வார்த்தைதான் இது. திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

கேன்சர் மாத்திரை என்று பையன் சொன்னது பொய் இல்லை. பாதி உண்மை. மெத்தோட்ரெக்சேட்டைப் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள், ஆனால் அங்கே அளவு பல மடங்கு அதிகம். நமக்கு வாரத்துக்கு ஒரு நாள், குறைந்த அளவில். அமெரிக்காவில் 1988-லேயே முடக்குவாதத்துக்கு இதை அனுமதித்துவிட்டார்கள். இன்று எந்த நாட்டிலும் மூட்டுவாத மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது இதைத்தான். இது வேலையைக் காட்டவே ஆறு வாரமாவது ஆகும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். மூன்று வாரத்தில் உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் கொஞ்சம் ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் தினமும் சாப்பிட்டு, ரத்த அணுக்கள் குறைந்து, வாயெல்லாம் புண்ணாகி உயிருக்கே ஆபத்தானவர்கள் இருக்கிறார்கள். கிழமையை முடிவு செய்து காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். என் கிழமை ஞாயிறு. வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். சொல்கிற நாளில் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும், ஈரலையும் ரத்த அணுக்களையும் பார்ப்பதற்காக. காய்ச்சல் வந்தால் அந்த வார மாத்திரையைப் போடுவதற்கு முன்பு டாக்டரைக் கேளுங்கள். இதைப் படிக்கிற இளம்பெண்களுக்கும் ஒன்று: கர்ப்பத்தில் இந்த மாத்திரை கூடவே கூடாது. குழந்தைக்கு யோசிக்கிறீர்கள் என்றால் பல மாதம் முன்பே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், இந்த நோயில் முதல் மாதங்கள்தான் முக்கியம். மூட்டுக்குள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் சக்தி, ஆள் தெரியாமல் அந்தச் சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அரித்துப்போன எலும்பைப் பழையபடி கொண்டுவர மருந்து இல்லை. அந்த அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், அரிப்பை நிறுத்தாது. மெடிக்கலில் “கைவலி” என்று சொல்லி வாங்குகிற மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டியவர்களை நம் பக்கம் எல்லா ஊரிலும் பார்க்கலாம். வலி அடங்கியிருக்கும், மூட்டு போயிருக்கும், சிலருக்குக் கிட்னியும் சேர்ந்து போயிருக்கும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருந்தார். இரண்டு கை விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகவே சாய்ந்திருக்கும். சாவிக்கொத்தை இடுப்பில் செருக முடியாது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். பெட்டகத்தைத் திறக்க எங்களைக் கூப்பிடுவார். சரவாங்கி என்பார்கள், தைலம் தேய்ப்பார்கள், தவிட்டு ஒத்தடம் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் நம் ஊரில் அவருக்குக் கொடுக்க வேறு மருந்து இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள் என்று படித்தபோது எனக்குப் பதறிவிட்டது.

ஆயுசு முழுக்கவா என்று கேட்டீர்கள். நெடுங்காலத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் முழுவதும் அடங்கி, ரத்தத்தில் நோயின் வேகத்தைக் காட்டுகிற ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் இரண்டும் இறங்கி, அந்த நிலை நீடித்தால் டாக்டரே மருந்தை ஒவ்வொன்றாகக் குறைப்பார். எனக்குக் குறைத்திருக்கிறார். முதல் மருந்து போதவில்லை என்றால் இன்னொன்று சேர்ப்பார், அதுவும் போதாதென்றால் ஊசி மருந்துகள் இருக்கின்றன. வழி ஒன்றோடு முடிந்துவிடுவதில்லை.

சித்த வைத்தியம் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் செய்தி வெளியே தெரிந்ததும் வாசலுக்கு வந்து சொல்வார்கள். முடக்கத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்துச் சுட்டுச் சாப்பிடுங்கள், எங்கள் வீட்டிலும் உண்டு. சாப்பாடாகச் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். முறையாகப் படித்த சித்த மருத்துவரைப் பார்க்க நினைத்தால் இரண்டு மருத்துவர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். நான் வேண்டவே வேண்டாம் என்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியும் லேகியமும்தான். ‘மூன்று நாளில் வலி போகும்’ என்று விற்கிற அப்படிப்பட்ட பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். மூன்று நாளில் வலி போவதும் அதனால்தான். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் வாயு என்று நிறுத்தச் சொல்வார்கள். அதனால் இந்த நோய் வருவதும் இல்லை, நிறுத்தினால் போவதும் இல்லை. நன்றாகச் சாப்பிடுங்கள்.

பிள்ளையார் நோன்பு விஷயத்துக்கு வருகிறேன். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். அவருக்கும் பயம், அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. ஆனால் நீங்கள் அதை மனதில் வாங்கிக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு ஆன்டி சிசிபி என்று ஒரு பரிசோதனை செய்திருப்பார்கள். அது காட்டுகிற எதிர்ப்புப் பொருள் பலருக்கும் விரல் வீங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே ரத்தத்தில் வந்துவிடுகிறது. அதாவது நீங்கள் 21 இழைத் திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொண்ட வருடங்களிலேயே இது உள்ளே தொடங்கியிருக்கலாம். பரம்பரை கொஞ்சம், சூழல் கொஞ்சம் என்று பல காரணம் கூடி வருகிற நோய் இது. புகை பிடிப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. உங்கள் சமையலோ, உங்கள் பூஜையோ, நீங்கள் யாருக்கோ செய்ததோ செய்யாததோ இதில் எங்கேயும் இல்லை. வருகிற கார்த்திகை தீபம் முடிந்து நோன்பு நாளில் ஆசையோடு இழை எடுத்துக்கொள்ளுங்கள். பரிகாரமாக எடுக்க வேண்டாம். பிள்ளையாரை நான் அப்படிக் கணக்கு வைத்துத் தண்டிக்கிறவராக ஒரு நாளும் நினைத்ததில்லை.

இப்போது, மறைப்பது பற்றி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

தேவகோட்டைக் கல்யாணத்தில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன் என்கிறீர்கள். அன்று யாராவது குழந்தையைத் தூக்கிக் கொடுத்திருப்பார்கள், வாங்கியிருப்பீர்கள். வெந்நீர்ச் சொம்பை நீட்டியிருப்பார்கள், பிடித்திருப்பீர்கள். பெரிய தாம்பாளத்தை ஒரு பக்கம் தூக்கச் சொல்லியிருப்பார்கள். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தைச் சொல்லக்கூடாது என்று இருக்கிறீர்கள். அப்புறம் என்ன ஆகும்? வீங்கிய மூட்டுதான் தூக்கும். மறைப்பதற்கான விலையை அந்த விரல்கள்தான் கொடுக்கின்றன. மாத்திரையை யாரும் பார்க்கக்கூடாது என்று ஒளித்து வைப்பீர்கள், ஒரு வாரம் மறந்துபோகும். மதுரைக்குப் போக ஒரு சாக்குச் சொல்ல வேண்டும், சாக்கு கிடைக்காத மாதம் போகமாட்டீர்கள். டாக்டரிடம்கூட மறைக்கிற இடத்துக்கு இப்போதே வந்துவிட்டீர்கள் பாருங்கள்.

இன்னொன்று, அசதி. இந்த நோயில் வலியைவிட அதுதான் பலரைப் படுத்துகிறது. மதியம் மூன்று மணிக்கு, கையில் எடுத்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படுத்துவிடலாம் போல வரும். உடம்பு முழுக்க ஓடுகிற அழற்சியின் ஒரு பகுதி அது. வீட்டில் சொல்லவில்லை என்றால் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, அவர்களுக்கு என்ன தெரியும்?

வீட்டுக்காரரை அடுத்த தடவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நீங்கள் சொல்லி வீட்டில் நம்பாததை, வீட்டுக்காரர் கேட்டு வந்து சொன்னால் நம்புவார்கள். இது நியாயமா என்று கேட்காதீர்கள், காரியம் நடக்கட்டும். மாமியாரிடம் உங்கள் காலை நேரத்தைக் காட்டுங்கள். ஆறு மணிக்குக் கையை அவர் கையில் கொடுத்து, மடக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாமியாரைப் போலப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், மருமகளின் விரல் முட்டிச் சூட்டைத் தொட்டுப் பார்த்த பிறகு குடத்தைத் தானே தூக்க ஆரம்பித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஹைட்ராக்சி குளோரோகுயின் சாப்பிடுகிறவர்கள் ஆரம்பத்தில் ஒரு முறை கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், பின்னர் டாக்டர் சொல்கிற இடைவெளியில் தொடர வேண்டும். அரிதாகத்தான் விழித்திரையைப் பாதிக்கும், ஆனாலும் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்காக மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனீர்கள் என்றால், அதை ஆரம்பித்தவரைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி. 1918-ல் வடமலாபுரத்தில் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இருந்தவருக்கு 1948-ல், 30 வயதில், நமக்கு வந்த இதே முடக்குவாதம் வந்தது. மாதக்கணக்கில் படுக்கை. விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று நினைத்திருந்தவர் அதை விட்டுவிட்டுக் கண் மருத்துவம் படித்தார். அந்தக் கோணிய விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகினார், தன் கைக்குத் தோதாகக் கருவிகளைச் செய்துகொண்டார். லட்சத்துக்கும் மேலே கண் அறுவை சிகிச்சை செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 2006-ல் காலமானார்.

மனஉறுதி இருந்தால் எதையும் ஜெயிக்கலாம் என்று சொல்வதற்கு அவர் கதையைச் சொல்வார்கள். நான் அதற்காகச் சொல்லவில்லை. அவர் படுத்த அதே 1948-ல்தான் அமெரிக்காவில் ஒரு முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்கிற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். மெத்தோட்ரெக்சேட் இந்த நோய்க்கு வர இன்னும் பல காலம் ஆயிற்று. உறுதி அவருக்கு நிறைய இருந்தது, விரல்கள் கோணியதை அது தடுக்கவில்லை. தடுக்கிற மருந்து நம் காலத்தில் வந்திருக்கிறது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. கைக்கு ஏற்றபடி கருவியையும் வேலையையும் அவர் மாற்றிக்கொண்டார். உங்கள் அடுப்படியிலும் அதைச் செய்யலாம்.

சீப்புச் சீடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் பிழிந்த பட்டையை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொன்றையும் ஆள்காட்டி விரலில் சுற்றி, இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, உருவி எடுத்துத் தட்டில் போட வேண்டும். ஒரு கிலோவுக்கு அந்த அழுத்தல் எத்தனை நூறு தடவை என்று உங்களுக்கே தெரியும். வீக்கம் இருக்கிற விரலுக்கு இதைவிடக் கெட்ட வேலை கிடையாது. கைமுறுக்கும் அப்படித்தான். இந்தத் தீபாவளிக்கு இரண்டையும் நீங்கள் சுற்றக்கூடாது. ஆர்டரே வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். அது உங்கள் சம்பாத்தியம், உங்கள் பெயர். பாதி அளவுக்கு எடுங்கள். சீடை சுற்றுவதற்கும் தேன்குழல் பிழிவதற்கும் இரண்டு பெண்களைக் கூலிக்கு வையுங்கள். மாவு பிசைய மெஷின் வாங்குங்கள். லாபம் குறையும், குறையட்டும். அரிசிக்கும் உளுந்துக்கும் அளவு சொல்வது, மாவைத் தொட்டுப் பதம் பார்ப்பது, எண்ணெய் எந்தக் காய்ச்சலில் இருக்கிறது என்று ஒரு விள்ளலைப் போட்டுப் பார்ப்பது, எந்த நிறத்தில் அள்ளுவது என்று சொல்வது எல்லாம் உங்களுடையவை. வாங்குகிறவர்கள் உங்களைத் தேடி வருவது அதற்காகத்தான்.

காலையில் விறைப்பு இருக்கும்போது அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து மெல்ல மடக்கி நீட்டிவிட்டு, பத்தரை, பதினோரு மணிக்கு மேல் வேலையைத் தொடங்குங்கள். எண்ணெய்ச் சட்டியை வேறு யாராவது தூக்கட்டும். டின்னை விரலால் கொக்கி போட்டுத் தூக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்குங்கள். வீக்கம் அதிகமான நாளில் கைக்கு ஓய்வு, மற்ற நாளில் ஆட்டி அசைத்துக்கொண்டே இருங்கள். பயந்து முழுக்க அசைக்காமல் வைத்திருந்தாலும் மூட்டு இறுகிப்போகும்.

கடைசியாக மகள். இந்த நோய் உள்ள தாயின் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் இது நூறு பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகம் என்கிற அளவுக்குத்தான் ஊரில் இருக்கிறது. அதில் சற்றுக் கூடினாலும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. தொற்றுநோயும் இல்லை. சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. “எனக்கு முடக்குவாதம், வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்று, பேச்சு முற்றுவதற்கு முன்பே நீங்களே நேராகச் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் எது எத்தனை நாள் மறைந்திருக்கும்? நாளைக்கு இன்னொருவர் வாயால் அவர்களுக்குப் போகும்போது உங்கள் மகள் அந்த வீட்டில் இருப்பாள், பதில் சொல்ல வேண்டியவள் அவளாகிவிடுவாள். இதைக் கேட்டு விலகிப் போகிற வீடு விலகட்டும். உடம்புக்கு வந்தால் மருமகளை எப்படி வைத்திருப்பார்கள் என்பதையும் கல்யாணத்துக்கு முன்பே காட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கெல்லாம் முன்பு மகளிடம் சொல்லுங்கள். அவளுக்கு 23 வயது. அம்மா காலையில் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பதை அவள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாள். மாத்திரைக் கிழமையை நினைவுபடுத்தும் பொறுப்பை அவளிடம் கொடுங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் அவளே தேதி வாரியாக ஒரு ஃபைலில் கோத்து வைக்கட்டும். மருந்தை மறுபடி தொடங்கச் சொல்லி டாக்டர் என்ன சொன்னார், எந்த அளவில் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா